பசுமலை வீட்டு விஸ்கி காபி

1. பால் இல்லாத காபி

விஸ்கி ஊத்திக் காபி போட எனக்குத் தெரியும். இதச் சொல்ல இன்னைக்கும் எனக்கு வெக்கமாத்தான் இருக்கு.

போன மாசம் ஒரு ரிசப்ஷன்ல நம்ம சமையல் குரூப்புப் புள்ளைக, கேட்டரிங் படிச்சிட்டு வந்ததுக, காபில ஐஸைப் போட்டு கிரீமைப் பிதுக்கி என்னமோ பண்ணிக்கிட்டிருந்துச்சுக. "பாக்கியம்மா, இதெல்லாம் உங்க காலத்துல ஏது?"ன்னு ஒரு கேலி வேற. நான் சிரிச்சிட்டு அங்கிட்டுப் போயிட்டேன். அன்னைக்குச் சொல்லாதத இப்பச் சொல்றேன். முதல் நாள் எங்கிட்டப் பருப்புப் பரீட்சையில வாங்கிக் கட்டிக்கிட்டவங்க எல்லாரும் கேட்டுக்கங்க. கேட்டுட்டு என்னைய ஒரு மாதிரி பாக்காதீங்க, அம்புட்டுத்தான்.

எம்பதாம் வருஷம் பொறக்குறதுக்கு முன்னாடி நடந்தது இது. பசுமலையில ஒரு வீட்டுல நான் சமையலுக்கு இருந்தேன். சார் மில்லுகளுக்கு மெஷின் விக்கிற ஒரு கம்பெனில மேனேஜர். அவர் சம்சாரம் சரோஜாம்மா. அடுப்படிக்குப் பின்னாடி இருந்த ஸ்டோர் ரூம்லதான் நான் படுத்துக்கிறது. என் மக செல்வி சோழவந்தான்ல என் தங்கச்சி வீட்டுல வளந்துச்சு. புள்ளையக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னு வேலைக்குச் சேரும்போதே பேச்சு. என் வீட்டுக்காரரு குடிச்சே போயிச் சேந்தவரு. எனக்கு வேற போக்கிடம் கிடையாது, நானும் சரின்னுட்டேன்.

சரோஜாம்மா கெட்டவங்க இல்ல. இத முதல்லயே சொல்லிப்புடுறேன். நான் சாப்பிட்டேனான்னு கேக்காம அவங்க கை கழுவ மாட்டாங்க. ஆனா எதையும் கேள்வியாத்தான் சொல்வாங்க. "இன்னைக்கு வெண்டைக்கா வச்சிரலாமா பாக்கியம்?" ஆமாம்மா. "ரசத்துல புளி கூடிருச்சோ?" ஆமாம்மா. புளி கூடியிருக்காது, ஆனாலும் ஆமாம்மாதான். அந்த வீட்டுல என் வாயில வேற வார்த்தை வந்ததா எனக்கு ஞாபகம் இல்ல.

சார் ஒருக்கா கம்பெனி வேலையா வெளிநாடு போயிட்டு வந்தாரு. வந்ததுலருந்து நம்ம காபி அவருக்குத் தொண்டையில எறங்கல. அங்க குளுருக்கு ஒரு காபி குடுத்தாங்களாம். கருப்பு டிக்காஷன், அதுல சீனி, அதுல விஸ்கி, மேல வெள்ளையா கிரீம். கிரீம் மெதக்கணும். கலக்கவே கூடாது. மேல இருக்குற குளுந்த கிரீம் வழியா அடியில இருக்குற சூட்டை உறிஞ்சிக் குடிக்கணும்.

"பால் இல்லாமயா சார்?"ன்னேன்.

"பால் இல்லாமத்தான்."

"அப்ப அது கஷாயம்ல சார்?"

"நீ போடு பாக்கியம். வியாக்கியானம் பண்ணாத."

அப்ப மதுவிலக்கு. சார் உடம்புக்கு அது வேணும்னு டாக்டர் சர்டிபிகேட் குடுத்து பெர்மிட் வாங்கி வச்சிருந்தாரு. அவர் வீட்டுல அவர் குடிச்சா ஒண்ணும் இல்ல. அடுத்தவங்களுக்கு ஊத்திக் குடுத்தா கேஸு. பாட்டிலை பீரோவுக்குள்ள வச்சுப் பூட்டிச் சாவியை இடுப்புல சொருகிக்குவாரு. "இந்த விஷயம் இந்த நாலு சுவத்தத் தாண்டக் கூடாது பாக்கியம்"னு எங்கிட்டச் சொல்லி வச்சிருந்தாரு.

இப்பத் தொழிலுக்கு வாரேன். முதல் நாள் பாலாடையை அப்படியே எடுத்துக் காபி மேல போட்டேன். ஊறுன துணியாட்டம் சுருண்டு கெடந்துச்சு. சார் அதை விரல்ல தூக்கிப் பாத்துட்டுத் தள்ளி வச்சிட்டாரு. அடுத்த நாள் ஆடையை மத்தால அடிச்சா மெதக்கும்னு அடிச்சேன். எனக்கு ஆரம்பிச்சா நிறுத்தத் தெரியாது. வெண்ணெய் திரண்டுருச்சு. "காபி கேட்டா வெண்ணெய் எடுத்துக் குடுக்குறியே, இதென்ன ஆயர்பாடியா?"ன்னு சார் சிரிச்சாரு. மூணாவது தடவ எல்லாம் கூடி வந்துச்சு. கிரீமும் பதமா மெதந்துச்சு. எனக்குச் சந்தோஷம் தாங்கல. அந்தச் சந்தோஷத்துல என் கை என்னையக் கேக்காம டம்ளரத் தூக்கி டபராவுல சர்ருன்னு ஒரு ஆத்து ஆத்திருச்சு. காபின்னா ஆத்தணும், நம்ம கைக்கு வேற என்ன தெரியும்? சார் தலையில அடிச்சிக்கிட்டாரு.

ஆத்துனதுல ஒண்ணு மட்டும் புரிஞ்சுச்சு. சூடா இருக்குற டிக்காஷன்ல விஸ்கியைக் கலந்து ஆத்துனா வாடை குபீர்னு எந்திரிக்கும். வீடு பூரா நிக்கும். நான் முந்தானையால மூக்கைப் பொத்திக்கிட்டேன். உன் புருஷன் குடிச்ச சாராயம் வேற, இது வேறன்னு சார் சொல்வாரு. என் மூக்குக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

கடைசியில பக்குவம் பிடிபட்டுச்சு. படிக்கிற புள்ளைக குறிச்சுக்கங்க, இதுல ஒளிக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல. கண்ணாடி கிளாஸை முதல்ல வெந்நீர் ஊத்திச் சூடு பண்ணணும், இல்லேன்னா விரிசல் விட்டுரும். டிக்காஷன் முதல் டிக்காஷனா, கெட்டியா இருக்கணும். சீனி கொஞ்சம் தாராளமா போட்டாத்தான் மேல கிரீம் நிக்கும். எருமப்பாலைக் காய்ச்சிக் குளுர வச்சு, ஆடையை எடுத்து, மத்துல பைய நாலு சுத்து. கரண்டியைக் கவுத்துப் பிடிச்சு அது முதுகு வழியா மெல்ல விடணும். வேலை சுத்தமா இருந்தா மேல வெள்ளை, கீழ கருப்பு, நடுவுல கோடு போட்டாப்ல இருக்கும். எனக்கே பாக்க ஆசையாத்தான் இருந்துச்சு. வெக்கங்கெட்ட மனசு, அதையும் சொல்லணும்ல.

2. ஞானம் டீச்சர்

அதே ஏரியாவுல நாலு தெரு தள்ளி ஒரு பெண்கள் ஹாஸ்டல். அதுல வார்டன் ஞானம் டீச்சர். வெள்ளைச் சேலை, பின்னல்ல ஒரு முடி பிசகாது. ஒரு விசேஷத்துக்கு சரோஜாம்மா வீட்டுக்கு வந்தவங்க என் வத்தக்கொழம்பைச் சாப்பிட்டுட்டு, நேரா அடுப்படிக்கு வந்துட்டாங்க.

"ஏம்மா, எங்க ஹாஸ்டலுக்கு ஒரு சமையக்காரம்மா வேணும். தங்குறதுக்கு ரூம் உண்டு. உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கா?"

"ஒரு பொம்பளப்புள்ள டீச்சர். ஏழாவது படிக்குது."

"கூட்டிட்டு வாங்க. இங்கயே படிக்கட்டும்."

எனக்குக் கண்ணு நெறஞ்சிருச்சு. புள்ளையோட ஒரே ரூம்ல படுத்து எந்திரிக்கிறதுன்னா சும்மாவா? நான் சோழவந்தான் போனா செல்வி என் முந்தானையை விரல்ல சுத்திக்கிட்டேதான் தூங்கும். நான் முந்தானையை உருவிக்கிட்டு முதல் பஸ்ஸைப் பிடிக்கணும்.

"ஒரு நாள் வந்து உங்க அடுப்படியைப் பாத்துட்டு முடிவு சொல்றேன். சொல்லாமத்தான் வருவேன்"னு டீச்சர் சொல்லிட்டுப் போனாங்க. சமையக்காரியை ருசியில மட்டும் எடை போடக் கூடாது, அடுப்படியில போடணும்னு நெனைக்கிற மனுஷி. சரியான ஆளு.

சரோஜாம்மாகிட்டயும் சொல்லிட்டேன். முகம் கொஞ்சம் வாடுச்சு. ஆனாலும், "உன் புள்ளையோட இருக்கப் போற. நான் தடுப்பேனா பாக்கியம்?"னாங்க. செல்விக்குச் சொல்லி அனுப்புனேன். அது பாவாடை சட்டையெல்லாம் மடிச்சுப் பையில வச்சிருச்சாம். தெனமும் பள்ளிக்கூடத்துக்கு அந்தப் பையிலருந்துதான் எடுத்துப் போட்டுட்டுப் போகுதுன்னு தங்கச்சி சொன்னா.

3. டீச்சர் வந்த சாயங்காலம்

பம்பாய்லருந்து சாரோட பெரிய ஆபீசர் வாராரு, கூட ரெண்டு மூணு பேரு. சாப்பாட்டுக்கு முன்னாடி அந்தக் காபி குடுக்கணும். சாருக்கு அதுல ஒரு பெருமை. மத்தியானமே தேவையான விஸ்கியை ஒரு கிண்ணத்துல ஊத்தி எங்கிட்டக் குடுத்துட்டு, பீரோவைப் பூட்டிட்டு, ஆபீசரைக் கூட்டிட்டு வர ஸ்டேஷனுக்குப் போயிட்டாரு. "நான் வர்றதுக்குள்ள எல்லாம் ரெடியா இருக்கணும்."

இங்கதான் என் கெட்டிக்காரத்தனம். கல்யாண வீட்டுல டிக்காஷனை மொத்தமா எறக்கித் தூக்குவாளியில ஊத்தி வச்சிருவோம்ல, ஆளு வர வரப் பாலை ஊத்தி நீட்ட வேண்டியதுதான். அதே பழக்கம். இருந்த தூள் பூராவையும் போட்டு டிக்காஷன் எறக்குனேன். கிண்ணத்துல இருந்த விஸ்கி அடுப்படி பூரா நாறிக்கிட்டு இருந்துச்சு. அதையும் தூக்குல ஊத்தி, டிக்காஷனோட கலந்து, மூடியை இறுக்கிட்டேன். வாடையும் அடங்குச்சு, யாரும் பாத்தாலும் டிக்காஷன்னு நெனைப்பாங்க. நமக்கு எம்புட்டு அறிவுன்னு எனக்கு நானே மெச்சிக்கிட்டேன். சரோஜாம்மா உள்ள தலை சீவிக்கிட்டு இருந்தாங்க. அவங்ககிட்ட இதைச் சொல்லல.

வாசல்ல கேட்டுச் சத்தம். எட்டிப் பாத்தா ஞானம் டீச்சர்.

சரோஜாம்மா பதறியடிச்சு வந்து, "வாங்க டீச்சர், வாங்க"ன்னாங்க. அவங்களுக்கும் உள்ளுக்குள்ள உதறல், சார் ஆளுகளோட வந்துட்டா என்ன பண்றதுன்னு. டீச்சரை வெரசா அனுப்பி வைக்கணும். டீச்சர் சோபாவுல உக்காராம நேரா அடுப்படி வாசல்ல வந்து நின்னுட்டாங்க. மேடையைப் பாத்தாங்க, சிங்க்கைப் பாத்தாங்க, தேச்சுக் கவுத்துன பாத்திரத்தைப் பாத்தாங்க.

"நல்லா வச்சிருக்கீங்கம்மா"ன்னாங்க. "அடுத்த வாரமே வந்துரலாமே நீங்க."

அந்த வார்த்தை என் காதுல விழுந்துச்சு. வேலை கெடைச்சிருச்சு. செல்வி கெடைச்சிருச்சு. அந்தச் சந்தோஷத்தை நான் முழுசா ஒரு மூச்சு கூட இழுக்கல, அம்புட்டு உதறல்லயும் மரியாதை விடாம சரோஜாம்மா சொல்றாங்க, "நல்ல சேதி சொல்லியிருக்கீங்க, ஒரு வாய் காபி குடிக்காமப் போகக் கூடாது. பாக்கியம், டீச்சருக்கு ஒரு காபி போடு."

"டிக்காஷன் இல்லம்மா. தூளும் தீந்துருச்சு"ன்னேன்.

நல்லா யோசிச்சுப் பாத்தா, அந்த வீட்டுல ஒரு "இல்ல"யாவது சொல்லியிருக்கேன். அதுவும் பொய்யா சொன்னேன்.

"என்னடி சொல்ற?"ன்னு சரோஜாம்மா உள்ள வந்து தூக்கு மூடியத் தொறந்து பாத்துட்டாங்க. "இந்தா இருக்கே இம்புட்டு! நம்ம வீட்டுல டிக்காஷன் இல்லேன்னு சொன்னா டீச்சர் என்ன நெனைப்பாங்க?" அவங்களுக்குச் சளி பிடிச்சு மூக்கடைப்பு. ஒண்ணும் தெரியல. நான் கண்ணைக் காட்டுறேன், தலையை ஆட்டுறேன். டீச்சர் வாசல்ல நிக்கிறாங்க, வாயைத் தொறக்க முடியல. சரோஜாம்மா அவங்க கையாலேயே டிக்காஷனை ஊத்தி, கொதிக்கிற பாலை ஊத்தி, சீனியைப் போட்டு, டம்ளரையும் டபராவையும் எங்கையில குடுத்துட்டாங்க.

"நல்லா நொரை வர ஆத்திக் குடு பாக்கியம். உன் ஆத்தலே தனி."

எல்லாரும் என் கையவே பாக்குறாங்க. ஆத்துனா வாடை எந்திரிக்கும். ஆத்தாமக் குடுத்தா டீச்சர் குடிச்சிருவாங்க. வெள்ளைச் சேலை கட்டுன அந்த மனுஷிக்கு விஸ்கியைக் குடிக்கக் குடுக்குறதா? எனக்கு வேற வழி தோணல. தூக்கி ஆத்துற மாதிரி ஆத்தி டம்ளரை நழுவ விட்டேன். அம்புட்டும் என் நெஞ்சுலருந்து வயிறு வரைக்கும் கொட்டிருச்சு. சுட்டது கூட அப்புறந்தான் தெரிஞ்சுச்சு. வாடை முதல்ல வந்துருச்சு.

டீச்சர் முகம் மாறுச்சு. "என்ன வாடை இது?"

சரோஜாம்மாவுக்கு அப்பத்தான் வெளங்குச்சு. தூக்கைப் பாத்தாங்க. என்னையப் பாத்தாங்க. அவங்க கண்ணுல நான் பயத்தைப் பாத்தேன். புருஷன் போலீஸ் ஜீப்புல ஏறுறதை அவங்க பாத்த மாதிரி இருந்துச்சு. அப்புறம் எப்பவும் போலக் கேள்வியாத்தான் சொன்னாங்க.

"பாக்கியம், நீ குடிச்சிருக்கியா?"

"ஆமாம்மா."

அடக் கடவுளே. வாயி சொல்லிருச்சு. வெண்டைக்காய்க்குச் சொன்ன மாதிரி, புளிக்குச் சொன்ன மாதிரி சொல்லிருச்சு. சாரைக் காப்பாத்தணும்னு தியாகம் பண்ணுனேன்னு நெனைக்காதீங்க. அப்படி ஒரு மண்ணும் இல்ல. அவங்க கேட்டாங்க, எனக்குப் பழக்கம் அதுதான். சொன்னதுக்கப்புறம் அதைத் திருப்பி எடுக்கத் தெரியல. சேலையில காபி சொட்டுது, நான் தரையைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். நெசமாவே குடிச்சவ எப்படி நிப்பாளோ அப்படித்தான் நின்னேன்.

டீச்சர் வையல. வைஞ்சிருந்தாக்கூட நல்லாயிருந்திருக்கும். "உங்களுக்கு ஒரு பொம்பளப்புள்ள இருக்குன்னீங்க"ன்னு மட்டும் சொன்னாங்க. சேலைத் தலைப்பை மூக்குல வச்சுக்கிட்டு வெளிய போயிட்டாங்க. நான் கூசிப் போயிட்டேன். பூமி பொளந்து என்னைய உள்ள இழுத்துக்காதான்னு நின்னேன்.

4. நல்லா மெதந்துச்சு

அதோட முடியல. விருந்தாளிக வந்தாங்க. நான் சேலை மாத்திக்கிட்டு, நெஞ்சுல எண்ணெயத் தடவிக்கிட்டு, கிளாஸைச் சூடு பண்ணி, மிச்சம் இருந்த டிக்காஷனைச் சுட வச்சு ஊத்தி, கிரீமைக் கரண்டி முதுகுல விட்டேன். அன்னைக்கு மெதந்த மாதிரி என்னைக்கும் மெதக்கல. ஒரு கிளாஸ்ல கூடக் கோடு பிசகல. ஹால்ல பம்பாய்க்காரர் ஆகா ஓகோங்குறாரு, சார் சிரிக்கிறாரு.

சரோஜாம்மா உள்ள வந்தாங்க. என் முகத்தைப் பாக்காம மேடையவே தொடச்சுக்கிட்டு நின்னாங்க. கையில ஒரு புதுச் சேலை. "உன் சேலை வீணாப் போச்சுல்ல"ன்னு பக்கத்துல வச்சாங்க. அழுதிருப்பாங்க போல, மூக்கு செவந்திருந்துச்சு. டீச்சர்கிட்ட நாளைக்குப் போயி உண்மையைச் சொல்றேன்னு சொல்வாங்கன்னு நான் காத்துக்கிட்டு நின்னேன்.

"காபி நல்லா மெதந்துச்சு, இல்ல பாக்கியம்?"ன்னாங்க.

"ஆமாம்மா"ன்னேன்.

5. செல்வி கேட்டது

சரோஜாம்மா டீச்சர்கிட்டப் போகல. நானும் போகல. ஹாஸ்டல் வாசல் வரைக்கும் ஒரு நாள் போனேன். போயி, உள்ள புள்ளைக பாடுற சத்தம் கேக்கவும் திரும்பி வந்துட்டேன். உண்மையைச் சொன்னா சாரு மேல கேஸு. சொல்லலேன்னா நான் குடிகாரி. நடுவுல ஒரு வழி இருந்திருக்கும், படிச்சவளா இருந்தா தோணியிருக்கும். எனக்குத் தோணல.

சேதி சோழவந்தான் வரைக்கும் போயிருச்சு. இதெல்லாம் எந்தப் பஸ்ஸுல ஏறிப் போகுமோ தெரியல. அடுத்த தடவ நான் தங்கச்சி வீட்டுக்குப் போனப்ப செல்வி ஓடி வரல. கதவோரமா நின்னுச்சு. கிட்டக்க வந்து என் தோள்ல மூக்கை வச்சு மோந்து பாத்துச்சு. அவங்கப்பன் வீட்டுக்குள்ள வரும்போது நான் மோந்து பாப்பேன், அதைப் பாத்துப் பழகுன புள்ள.

"நீ குடிச்சியாம்மா?"

"இல்லத்தா. சத்தியமா இல்ல."

"அப்ப ஏம்மா ஆமான்னு சொன்ன?"

அது நான் சொன்னதை நம்புச்சு, அதுல சந்தேகம் இல்ல. அந்தப் பையைப் பிரிச்சு பாவாடை சட்டையெல்லாம் திரும்பக் கொடியில போட்டுச்சு. கல்யாணம் ஆகிப் போற வரைக்கும் அது தங்கச்சி வீட்டுலதான் இருந்துச்சு. மகளோட ஒரே ரூம்ல படுத்து எந்திரிக்கிற பாக்கியம் எனக்குக் கெடைக்கவே இல்ல, பேரு மட்டும் பாக்கியம்.

கொஞ்ச நாள்ல அந்த வீட்டை விட்டு வந்துட்டேன். ஆரப்பாளையத்துல ஒரு மெஸ்ஸு, அப்புறம் கல்யாணச் சமையல், அப்புறம் இந்தக் குரூப்பு. அந்தப் புதுச் சேலையை நான் கட்டல. கரித்துணியாக் கூட ஆக்க மனசு வரல. யாருக்கோ குடுத்துட்டேன்.

நம்ம குரூப்புல வேலைக்குச் சேந்த எல்லாருக்கும் முதல் நாள் நான் ஒரு பரீட்சை வைக்கிறேன்ல? குழையக் குழைய வெந்த பருப்பை அகப்பையில எடுத்துக் காட்டி, "இது இன்னும் வேகலைல்ல?"ன்னு கேப்பேன். எல்லாப் புள்ளைகளும் பருப்பைப் பாக்காது, என் மூஞ்சியப் பாக்கும். பாத்துட்டு "ஆமாம்மா"ங்கும். நான் கத்துவேன். திரும்பக் கேப்பேன். திரும்ப "ஆமாம்மா"ன்னா, அடுப்பை அமத்திட்டு நிப்பேன். "இல்லம்மா, வெந்துருச்சு"ன்னு ஒரு தடவ வாய் விட்டுச் சொன்னாத்தான் கரண்டியக் கையில குடுப்பேன். இந்தக் கெழவிக்குக் கிறுக்குன்னு பின்னாடி நீங்க பேசிக்கிறதும் எனக்குத் தெரியும்.

பேசிக்கங்க. பருப்புல சொல்லிப் பழகுங்கடா, பழகுங்கடி. வெண்டைக்காய்க்கும் புளிக்கும் சொல்லிப் பழகாத "இல்லம்மா" அன்னைக்கு என் வாயில வரல.